பெட்டியில் அச்சிட்ட எண்ணை யார் சரிபார்ப்பது? எல்லை ஊர்க் கடைகளும் ஏமாற்றுச் சாதனங்களும்

தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையார் தாண்டிப் பாலக்காடு போகும் சாலையோரம், கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற சோதனைச்சாவடி ஊர்கள், கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கடைவீதி என்று எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மேசைகள் இருக்கும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 400 ரூபாய். 2 டெராபைட் பென் டிரைவ் 500 ரூபாய். சொருகி வைத்தால் கரண்ட் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு குட்டிப் பெட்டி. இதே சரக்கு இப்போது போனில் ஓடும் விளம்பரங்களிலும் வருகிறது.

வாங்கியவர்கள் சில மாதம் கழித்துக் கேட்கும் கேள்விகளும் மாறுவதில்லை. இது டிஃபெக்ட் பீஸா, டூப்ளிகேட்டா, இல்லை நான்தான் தப்பாகப் பயன்படுத்திவிட்டேனா? வீடு கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், வாங்கியது கோயம்புத்தூரில். எந்த ஊரில் புகார் கொடுப்பது? பில்லே இல்லையே, புகார் எடுபடுமா? இவற்றுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் சட்டமும் தெரிந்தால் போதும்.

கெட்டுப்போன பொருளும் பொய்யான பொருளும் ஒன்றல்ல

பேச்சில் எல்லாவற்றையும் "டிஃபெக்ட்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று தனித்தனி சங்கதிகள் இருக்கின்றன.

1. தயாரிப்புக் குறை. நல்ல நிறுவனம், நல்ல நோக்கம், ஆனால் எங்கோ பிசகிவிட்டது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தது இந்த வகை. முதல் சுற்றிலேயே சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் பற்றியதால் அந்த மாடலையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் காரணத்தையும் சொன்னார்கள்: ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மேல் மூலையில் மின்தகடு மடங்கியிருந்தது, இன்னொருவருடையதில் வெல்டிங் பிசிறு உள்ளே குத்தியிருந்தது.

2. பொய்ப் பொருள். எழுதியிருப்பது உள்ளே இல்லவே இல்லை. இங்கே எதுவும் பிசகவில்லை, திட்டமிட்டபடிதான் செய்திருக்கிறார்கள்.

3. பாதி உண்மை. பொருள் ஏதோ ஒன்றைச் செய்கிறது. ஆனால் சொன்ன பலனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கரண்ட் பில் பெட்டி இந்த வகை.

நோட் 7 விவகாரம் உலகத்துக்கே தெரிந்ததற்குக் காரணம், பிடிப்பதற்கு ஒரு பெயர் இருந்தது. சீரியல் எண் இருந்தது, எந்த போன் எந்த நாட்டுக்குப் போனது என்ற கணக்கு இருந்தது. தேர்க்கடையில் வாங்கிய பவர் பேங்க் வீங்கினால் யாரும் திரும்பப் பெற மாட்டார்கள். அதைச் செய்தவர் யார் என்பதே தெரியாது. மேசை போட்டவருக்கும் தெரியாது.

பொய் எந்த எண்ணில் ஒளிகிறது

கடையில் நின்றபடியே சோதிக்க முடிகிற விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. திரை எரிகிறதா, பாட்டு கேட்கிறதா, சொருகினால் சார்ஜ் ஏறும் குறி வருகிறதா, இதெல்லாம் வேலை செய்யும். பொய் எழுதப்படுவது சோதிக்க நாள் கணக்கில் நேரமோ தனிக் கருவியோ தேவைப்படும் எண்ணில்தான்: பேட்டரியின் கொள்ளளவு, பென் டிரைவின் அளவு, ஸ்பீக்கரின் வாட், மின்சாரச் சேமிப்பின் சதவீதம்.

ஆனால் ஒரு எண்ணில் பொய் சொன்னால், அதோடு கட்டுண்ட இன்னொரு எண் காட்டிக்கொடுக்கும். எடை, சார்ஜ் ஏறும் நேரம், அடாப்டரின் பின்பக்க லேபிள் போன்றவற்றை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. கீழே வருவது எல்லாம் அந்த இரண்டாவது எண்ணைத் தேடும் வழிதான்.

பவர் பேங்க்: தராசும் கடிகாரமும் போதும்

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-மணி. அதை மட்டும் வைத்து எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. வோல்டேஜோடு பெருக்க வேண்டும். லித்தியம் செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7. ஆக 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-மணி பெருக்கல் 3.7, அதாவது 74 வாட்-மணி.

இதை போனுக்குக் கொடுக்கும்போது 5 வோல்டாக மாற்ற வேண்டும். 74ஐ 5ஆல் வகுத்தால் 14,800 எம்ஏஎச். மாற்றும்போது சூடாகப் போகும் இழப்பையும் கழித்தால் 12,500 அல்லது 13,000 மிஞ்சும். ஒழுங்கான கம்பெனிப் பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் இந்தக் குறைந்த எண்ணும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து "ஏமாத்திட்டான்" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் நேர்மையின் அடையாளம். 5,000 எம்ஏஎச் போனை 20,000 பவர் பேங்க் நான்கு தடவை நிரப்பாது, ஏறக்குறைய மூன்று தடவைதான்.

சரி, 400 ரூபாய்ச் சரக்குக்கு வருவோம். லேப்டாப் பேட்டரியிலும் டார்ச்சிலும் வரும் உருளை செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின் எடை 45 முதல் 50 கிராம். இந்த அளவில் கிடைக்கும் உயர்தர செல்லிலேயே கொள்ளளவு 3,500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கிறது. (இதே அளவு செல்லில் 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டு விற்கிறார்கள். படித்துவிட்டுச் சிரிக்கலாம், வாங்கக் கூடாது.) 20,000 வேண்டுமென்றால் ஆறு நல்ல செல் வேண்டும். செல்லின் எடை மட்டுமே 280 கிராம் ஆகிவிடும். உறை, சர்க்யூட் எல்லாம் தனி. தட்டை செல் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஆகவே 20,000 என்று எழுதிய பவர் பேங்க் 300 கிராமுக்குக் கீழே நின்றால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்.

இது ஒருவழிச் சோதனைதான். எடை குறைந்தால் பொய் நிச்சயம். எடை சரியாக இருந்தால் உண்மை நிச்சயம் என்றில்லை. இந்தச் சோதனை விற்பவர்களுக்கும் தெரியும். பிரித்துப் பார்த்தபோது ஒரே ஒரு செல்லும், மீதி இடத்தில் மணல் நிரப்பிய போலி உருளைகளும் இரும்புத் துண்டுகளும் இருந்த பவர் பேங்குகள் உண்டு.

தராசை ஏமாற்றினாலும் கடிகாரத்தை ஏமாற்ற முடியாது. பவர் பேங்கின் சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் உள்ளே போவது அதிகபட்சம் 10 வாட். 74 வாட்-மணியை 10 வாட்டில் நிரப்ப ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது. சுத்தமாகக் காலியான பவர் பேங்க் இரண்டே மணி நேரத்தில் "ஃபுல்" காட்டினால், உள்ளே போனது 20 வாட்-மணிக்கு மேல் இல்லை. அதாவது சுமார் 5,400 எம்ஏஎச். மிச்சம் 14,600 அட்டையில் இருக்கிறது.

2 டெராபைட் பென் டிரைவ்

இங்கே பொய் சொல்வது அட்டை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சிப்பும்தான். பென் டிரைவில் நினைவகம் ஒன்று, அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஒன்று. கணினி "உன் அளவு என்ன?" என்று கேட்கும்போது பதில் சொல்வது கன்ட்ரோலர். அதன் நிரலை மாற்றி, 32 ஜிபி நினைவகத்தை வைத்துக்கொண்டு 2 டெராபைட் என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். சொருகிப் பார்த்தால் திரையில் 2 டெராபைட் என்றே காட்டும். கடைக்காரர் லேப்டாப்பில் சொருகிக் காட்டுவதும் இதைத்தான்.

முதல் 32 ஜிபி வரை ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் போனால், நாற்பது பக்க நோட்டின் அட்டையில் 400 பக்கம் என்று எழுதிவிட்டு, 41ஆம் பக்கம் வந்ததும் முதல் பக்கத்தின் மேலேயே எழுதுகிற கதைதான். கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் இருக்கும், திறந்தால் வராது. கல்யாண வீடியோவை இதில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு விஷயம் தெரிய வருவது முதல் கல்யாண நாளன்று.

வாங்கியவர்கள் ஏன் முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்லை? நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 2 டெராபைட்டையும் நிரப்பிப் பார்க்க 55 மணி நேரம் ஆகும். பொய்க்குப் பாதுகாப்பே அந்த 55 மணி நேரம்தான். ஆனால் முழுக்க நிரப்பத் தேவையில்லை. 100 ஜிபி அளவுக்குப் படங்களை ஏற்றி, கழற்றித் திரும்பச் சொருகி, முதலில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு உடைந்துவிடும். இதற்கென்றே எஃப்3 என்று ஒரு இலவச மென்பொருளும் இருக்கிறது.

ஒரு நியாயமான வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். நல்ல கம்பெனியின் 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸில் சொருகினால் 931 ஜிபி என்று காட்டும். அது மோசடி அல்ல. கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024இன் மடங்கில் எண்ணுகிறது.

கரண்ட் பில் பெட்டி: கண்ணால் பார்த்தும் ஏமாறுவது எப்படி

மூன்றில் இதுதான் சுவாரசியமானது. காரணம், விற்பவர் செய்து காட்டும் சோதனை உண்மையானது.

பழைய சோக் போட்ட டியூப்லைட் ஒன்றை எரிய விடுவார். ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டுவார். 0.43 ஆம்பியர் காட்டும். பக்கத்துப் பிளக்கில் பெட்டியைச் சொருகுவார். 0.25க்கு இறங்கும். விளக்கு அதே வெளிச்சத்தில் எரிகிறது, ஆம்பியர் மட்டும் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. "பார்த்தீங்களாண்ணா, நாற்பது பர்சன்ட்!" மீட்டர் பொய் சொல்லவில்லை. விற்பவர் கையும் வித்தை செய்யவில்லை.

நடப்பது இதுதான். மோட்டார், சோக் போன்றவை மின்சாரத்தை இழுக்கும்போது அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்துகின்றன. இன்னொரு பகுதியை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒயரில் ஓடும் ஆம்பியரில் இரண்டும் சேர்ந்திருக்கும். பயன்பட்ட பகுதிக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதம்தான் பவர் ஃபாக்டர். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கித் திருப்பித் தரும் பாகம்), ஒரு எல்இடி விளக்கு. அந்தப் போக்குவரத்தை கெப்பாசிட்டர் பக்கத்திலேயே கவனித்துக்கொள்வதால் ஒயரில் ஆம்பியர் குறைகிறது.

ஆனால் வீட்டு மீட்டர் ஆம்பியருக்குக் காசு கேட்பதில்லை. உண்மையில் செலவான வாட்டையும் நேரத்தையும் பெருக்கி யூனிட்டாகக் கணக்கிடுகிறது. அந்த டியூப்லைட் முன்பும் 55 வாட், பின்பும் 55 வாட். பில்லில் ஒரு பைசா குறையாது. பெட்டியின் எல்இடி விளக்குக்குச் சேர்த்து ஒரு துளி கூடும்.

இந்தப் பொய்க்கு ஒரு உண்மையான ஊற்றும் இருக்கிறது. கோயம்புத்தூர் மில்களிலும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் கெப்பாசிட்டர் பேனல் போட்டிருப்பார்கள்; போட்டால் பணம் மிச்சம் என்பதும் நிஜம். உயரழுத்த இணைப்புக்குப் பவர் ஃபாக்டர் குறைந்தால் தனியாகக் கட்டணம் விழும். மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் "ஆமா, எங்க மில்லுலயும் இப்படித்தான் வெச்சிருக்காங்க" என்று வீட்டில் சொன்னால் போதும், பெட்டி விற்றுவிடும். அவர் சொல்வது சரிதான். ஆனால் அது மில்லின் பில்லுக்குப் பொருந்தும், வீட்டின் பில்லுக்குப் பொருந்தாது.

"எனக்குக் குறைஞ்சுதே?" என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெட்டியை எப்போது வாங்கினார்கள் என்று பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய் வெயிலுக்கு ஃபேனும் ஏசியும் இரவு பகலாக ஓடி, பெரிய பில் வந்து, அந்த எரிச்சலில் வாங்கியிருப்பார்கள். அடுத்து இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை. ஏசி அணைந்துவிடும், பில் தானாகக் குறையும். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் வீட்டு பில் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டிலும் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறி, மொத்தத் தொகை ஒரேயடியாக ஏறும். 510 யூனிட் 490 ஆனாலே பில் தடாலென்று இறங்கிவிடும். பெருமை பெட்டிக்குப் போய்விடும்.

5,000 வாட் ஸ்பீக்கர்

இதற்கு இரண்டு வரி போதும். பிஎம்பிஓ என்று போட்டு எழுதும் வாட் கணக்குக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் இல்லை. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட், 24 வாட் உள்ளே போய் 5,000 வாட் வெளியே வராது.

சார்ஜர்: பணம் போவதோடு முடியாதது

மேலே சொன்னவற்றில் போவது காசும் போட்டோவும். மலிவு சார்ஜர் வேறு மாதிரி. வீட்டு 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றும்போது சார்ஜருக்குள் சுமார் 325 வோல்ட் உச்சம் இருக்கும். அடுத்த பக்கம் கையில் பிடிக்கும் 5 வோல்ட் ஒயர். இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் சில மில்லிமீட்டர் இடைவெளியும் மட்டுமே. நல்ல சார்ஜரில் இந்த இடைவெளியைத் தாராளமாக விட்டு, டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்கு நடுவே பல சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். இரு பக்கத்தையும் இணைக்கும் கெப்பாசிட்டர்கூடப் பழுதானாலும் ஷார்ட் ஆகாத தனி ரகமாக இருக்கும். செலவைக் குறைப்பவர் முதலில் கை வைப்பது இந்த மூன்றில்தான். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, சார்ஜும் நன்றாகவே ஏறும்.

ஆகவே இங்கே சொந்தச் சோதனையை நம்பக் கூடாது. முத்திரையைப் பார்க்க வேண்டும். 2012இல் தொடங்கிய கட்டாயப் பதிவுத் திட்டத்தின்படி, பட்டியலில் உள்ள மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு வேண்டும். அடாப்டர், பவர் பேங்க், லித்தியம் செல், மொபைல் போன் எல்லாம் இந்தப் பட்டியலில் உள்ளவை. பதிவு எண் ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். எண்ணைப் பார்த்ததும் திருப்தி அடைய வேண்டாம். அதை அச்சிட மை போதும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். சார்ஜரில் போட்டிருக்கும் எண் ஏதோ எல்இடி பல்புக் கம்பெனியின் பெயரைக் காட்டினால் முடிவு உங்களுக்கே தெரியும்.

நம்புகிறவர்கள் முட்டாள்களா?

அப்படிச் சொல்வது சுலபம், சரியல்ல. 2016 பிப்ரவரியில் ஃப்ரீடம் 251 என்று 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் அறிவிப்பு வந்தபோது இணையதளமே முடங்கும் அளவுக்குக் கூட்டம். கோடிக்கணக்கானோர் பதிவு செய்ததாக நிறுவனமே சொன்னது. அறிமுகத்தில் காட்டிய மாதிரி போனில் வேறொரு கம்பெனியின் பெயரை ஒயிட்னரால் மறைத்திருந்ததைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகும் பலர் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு நிர்வாக இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானார்.

அரசாங்கங்களும் விலக்கல்ல. ஏடிஈ 651 என்று ஒரு வெடிகுண்டு கண்டறியும் கருவியை இராக் பாதுகாப்புப் படையினர் சோதனைச்சாவடிகளில் பயன்படுத்தினார்கள். ஒரு கைப்பிடி, அதில் ஆடும் ஆன்டெனா. பேட்டரிகூட இல்லை. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்தது அது. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. நம் பக்கத்தில் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் 1996இல் கிளம்பியது. விசாரணை நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை விதித்தது 2016இல்.

இவற்றில் திரும்பத் திரும்ப வருபவை சில. பொருள் கண்முன்னே ஏதோ ஒன்றைச் செய்து காட்டுகிறது. அல்லது, சொல்பவர் தெரிந்தவராக இருக்கிறார். வளைகுடாவிலிருந்து வந்த மச்சான், கூட வேலை பார்ப்பவர். எல்லை ஊர்களில் இதோடு ஒரு பழைய நம்பிக்கையும் சேர்கிறது: அந்தப் பக்கம் எப்போதும் மலிவு. இருப்பதிலேயே பெரியது வெட்கம். 400 ரூபாய்க்கு ஏமாந்ததை யாரும் வெளியே சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் அதே மேசையில் அதையே வாங்குகிறார். விற்பவர் நம்பியிருப்பது நம் பேராசையை அல்ல, இந்த மௌனத்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"அந்தப் பக்கம் மலிவு" இப்போது எதைக் காட்டுகிறது

ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி மாறியது. வாளையாரில் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததும் அதற்காகத்தான். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் விகிதம் நாடு முழுவதும் ஒன்றாகிவிட்டது. கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காக 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை 1 சதவீதக் கூடுதல் வரி இருந்தது, அதுவும் போய்விட்டது. ஆக, ஒரே பொருள் எல்லைக்கு அந்தப் பக்கம் மிகவும் மலிவாக இருந்தால் வரி காரணமாக இருக்க முடியாது. பழைய ஸ்டாக், பெரிய கடையின் தள்ளுபடி போன்ற நேர்மையான காரணங்கள் சில உண்டு. மற்றவை: பில் இல்லை, சுங்கம் கட்டவில்லை, பழையதைப் பாலிஷ் போட்டது, அல்லது போலி.

"சேட்டா, இது கல்ஃப் ஐட்டம்" என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பொருள் அசலாகவே இருக்கலாம். ஆனால் அந்த நாட்டுக்கென விற்றதற்கு இந்தியாவில் வாரன்டி கிடைக்கும் என்று உறுதியில்லை. போன் என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்ஈஐ என்ற அடையாள எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். திருட்டு போனாக முடக்கப்பட்டதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

"பில் போட்டா ரேட் ஏறிடும், வேணுமா?" என்ற கேள்விக்கு எப்போதும் "வேணும்" என்றே சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

எந்த ஊரில் புகார் கொடுப்பது

1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டும்; பொள்ளாச்சிக்காரர் பாலக்காட்டுக்கு. 400 ரூபாய்க்கு யார் அலைவார்கள்? 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றிவிட்டது. இப்போது நிலைமை இப்படி:

1. புகார்தாரர் வசிக்கும் ஊரின், அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை மாநிலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சரி, ஆன்லைனில் வாங்கியதானாலும் சரி.

2. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

3. பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில் புத்தகத்தில் அச்சடித்துவிட்டால் இந்தக் கடமை போய்விடாது.

4. பொருளால் காயமோ உயிரிழப்போ வேறு சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் 'பொருள் பொறுப்பு' என்ற தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரித்தவர் யார் என்றே கண்டுபிடிக்க முடியாத நிலையில் விற்றவரே பொறுப்பாளியாகலாம். பெயரில்லாத பவர் பேங்கை விற்கிறவர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

5. ஆன்லைன் தளங்கள் விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதைக் காட்ட வேண்டும். அவற்றின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

வாங்கி மறுபடி விற்பவருக்கு இந்தச் சட்டம் உதவாது. அவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. மேசைக்காரரை ஏமாற்றிய மொத்த வியாபாரி பெரும்பாலும் தப்பித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பில் இல்லாமல் வாங்கியவருக்குக் கதவு சாத்திவிட்டது என்று அர்த்தமில்லை, நிரூபிக்கும் வேலை கூடும், அவ்வளவுதான். யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் தேதி, தொகை, பெற்றவர் பெயர் மூன்றும் அதில் இருக்கும். காசாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. பெட்டி, ஸ்டிக்கர், கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிட வேண்டாம். முதல் படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசலாம். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பி முடிந்துவிடும். ஆணையத்துக்குப் போவதானால் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

பொருளை என்ன செய்வது

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் தகராறு என்றால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். ஆய்வுக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். அதனால் கோபத்தில் பிரித்துப் போடாதீர்கள். மணலும் இரும்பும் உள்ளே இருப்பதை நீங்களே பிரித்து வீடியோ எடுத்தால், "இவரே போட்டார்" என்று அந்தப் பக்கம் சொல்ல இடம் கொடுத்தது போலாகும்.

பவர் பேங்க் வீங்கியிருந்தால் மட்டும் இதைச் சாட்சிப் பொருள் என்று அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைக்கக் கூடாது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல், மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் வையுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம். வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் குப்பைத் தொட்டி கூடாது. லாரியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும். மின்னணுக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுக்கலாம். கேரளப் பக்கம், வீடு வீடாகக் கழிவு எடுக்க வரும் ஊராட்சியின் ஹரித கர்ம சேனையிடம் கேட்டால், மின்னணுக் கழிவை எப்போது, எங்கே எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். கொடுக்கும்போது வீங்கிய பேட்டரி என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.